மேற்கைச் சதைக்கு அறுவை சிகிச்சை: தோலைப் பார்த்து முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தொங்கும் சதையைக் குறைக்க என்ன வழி என்று விசாரித்தால், முதலில் காதில் விழுவது கருவிகளின் பெயர்கள்தான். வேசர், லேசர், ஆர்.எஃப்., பிளாஸ்மா என்று பட்டியல் நீளும். எந்தக் கருவி என்பது கடைசியில் முடிவாக வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, உங்கள் கையில் கூடுதலாக இருப்பது கொழுப்பா, தோலா, இரண்டுமா என்பது. கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிடலாம். நன்றாகத் தொங்கிப்போன தோலை வெட்டித்தான் எடுக்க முடியும். வெட்டினால் தழும்பு நிற்கும், அதுவும் நீளமாக. இதைத் தெளிவாகச் சொல்லாமல் பணம் கட்டவைக்கும் இடங்கள் இருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: கண்ணாடி முன் நின்று பாருங்கள்

கையில்லாத பனியனோ ரவிக்கையோ போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். முழங்கையை மடக்கி, உள்ளங்கை முன்னால் பார்க்கும்படி விரல்களை மேலே நீட்டுங்கள். இப்போது மேற்கையின் அடிக்கோட்டைப் பாருங்கள். அது நேராக இருக்கிறதா, தொங்குகிறதா? தொங்கினால், அக்குள் பக்கம் மட்டுமா, முழங்கை வரைக்குமா, அக்குளைத் தாண்டி விலாவுக்கும் போகிறதா?

அப்புறம் கையைத் தளர்த்தி, மேற்கையின் பின்பக்க நடுவில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். பிடிக்குள் வருவது தடிமனாக, 1.5 செ.மீ.க்கு மேல் இருந்து, விட்டவுடன் தோல் பழையபடி படிந்துகொண்டால் உங்கள் பிரச்சினை பெரும்பாலும் கொழுப்பு. மெல்லிசாக, சுருக்கம் விழுந்த தோல் மட்டும் வந்து, விட்ட பிறகும் மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் அது தோல். தடிமனும் இருக்கிறது, தொங்கலும் இருக்கிறது என்றால் இரண்டும். பிளாஸ்டிக் சர்ஜன்களும் ஏறக்குறைய இப்படித்தான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

ஏன் அந்த இடம் மட்டும் இப்படித் தொங்குகிறது? மேற்கையின் உள்பக்கத்துக் கொழுப்பை, காறை எலும்புப் பக்கத்திலிருந்து அக்குள் வழியாக வரும் ஒரு திசுப் படலம் தூளித் துணி போலத் தாங்கி நிற்கிறது. எடை ஏறி இறங்கும்போதும் வயது கூடும்போதும் அந்தப் படலம் தளர்கிறது, தோலும் கூடவே இறங்குகிறது. அமெரிக்க சர்ஜன் டெட் லாக்வுட் 1995-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை விளக்கி, தோலை மட்டும் இழுத்துத் தைக்காமல் அந்தப் படலத்தையும் அக்குளின் உறுதியான திசுவோடு சேர்த்துத் தைக்கும் முறையைக் காட்டினார். இன்றைய பல ஆபரேஷன்களின் அடிப்படை அதுதான்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். டம்பெல் தூக்கினால் தசை வலுவாகும், கை கொஞ்சம் நிரம்பித் தெரியும். ஆனால் தளர்ந்த படலத்தையும் தோலையும் எந்த உடற்பயிற்சியும் சுருக்காது. லேசான தொங்கல் மட்டும் இருப்பவர்கள் ஆறு மாதம் உடற்பயிற்சி செய்து பார்ப்பது நல்லது. எடை நிறையக் குறைந்து தோல் மடிந்து தொங்குபவர்கள் “இன்னும் உழைப்பு போதவில்லை” என்று தங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

படி 2: வேறு ஏதாவதா என்று பார்த்துவிடுங்கள்

கை பருமனாகத் தெரிவதெல்லாம் சாதாரணக் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு கைகளும் சமமாகப் பருத்து, மணிக்கட்டு வந்ததும் கோடு போட்டாற்போல் நின்றுவிட்டு, அழுத்தினால் வலித்து, லேசாக இடித்தாலே கன்றிப்போகிறது, உடல் இளைத்தும் கை இளைக்கவில்லை என்றால் அது லிப்பிடீமா எனும் கொழுப்பு சேரும் நோயாக இருக்கலாம். பெரும்பாலும் பெண்களுக்கு, அதிகமாகக் கால்களிலும் சிலருக்குக் கைகளிலும் வரும். அதற்கான சிகிச்சைத் திட்டமே வேறு.

ஒரு கை மட்டும் வீங்கியிருந்தால் அழகு சிகிச்சையை மறந்துவிட்டு முதலில் காரணத்தைத் தேடுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு அந்தக் கையில் எந்த ஆபரேஷனும் நிணநீர் வீக்கத்தைக் கொண்டுவரலாம், இருப்பதைக் கூட்டலாம். அந்த வரலாற்றை மறைக்கவே கூடாது.

அக்குளின் முன்பக்கம் புடைத்துக்கொண்டு, மாதவிலக்கின்போதோ கர்ப்பத்தின்போதோ பெரிதாகி வலித்தால், அது அக்குளில் தங்கிப்போன கூடுதல் மார்பகத் திசுவாக இருக்கலாம். நம் பெண்கள் பலருக்கு இது இருக்கிறது, “கை சதை” என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துத் தனியாகச் சிகிச்சை செய்வார்கள். அக்குளும் கழுத்தும் கறுத்து வெல்வெட் போலத் தடித்திருந்தால் சர்க்கரை அளவைப் பாருங்கள். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாகவே பெரும்பாலும் அது இருக்கும். கை ஆபரேஷனால் அந்தக் கறுப்பு போகாது.

படி 3: எடை ஓரிடத்தில் நிற்கட்டும்

எடை குறைந்துகொண்டே இருக்கும்போது தோலை அளந்து வெட்டினால், மேலும் 8 கிலோ குறைந்ததும் மறுபடி தொங்கும். எடை ஏறினால் தையலும் தழும்பும் இழுபடும். ஆகவே குறைந்தது ஆறு மாதமாவது எடை ஒரே அளவில் இருக்க வேண்டும். உடல் பருமனுக்கான பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது பொதுவாக ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகும்.

இந்தக் காத்திருப்பு வீண் போவதில்லை. இரைப்பையைச் சுருக்கியவர்களுக்கு இரும்புச்சத்து, பி12, புரதம் எல்லாம் குறைந்திருப்பது சகஜம். புரதம் குறைந்த உடம்பில் நீண்ட தையல் சரியாக ஒட்டாது. முட்டை, மீன், பருப்பு, பால் என்று முடிந்ததைச் சேர்த்து, ரத்தப் பரிசோதனையில் அளவுகள் சரியான பிறகு தேதி குறியுங்கள்.

படி 4: உங்களுக்கு எந்த ஆபரேஷன்?

தோல் நன்றாக இருந்து கொழுப்பு மட்டும் கூடியவர்களுக்கு லைப்போசக்‌ஷன். முழங்கைப் பக்கமும் அக்குள் பக்கமும் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சுவார்கள். அதற்கு முன் உப்புநீரில் மரக்கவைக்கும் மருந்தான லிடோகெயினையும் அட்ரினலினையும் கலந்து அந்த இடம் முழுக்க ஏற்றுவார்கள். கலிபோர்னியத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளெயின் 1987-ல் வெளியிட்ட முறை இது. அதற்கு முன் லைப்போசக்‌ஷன் என்றாலே ரத்த இழப்பு அதிகம். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இப்போது மிகக் குறைவு. ஆனால் லிடோகெயினுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இந்த முறையில் கிலோவுக்கு 35 மி.கி. என்று கிளெயின் வகுத்தார். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 2100 மி.கி. ஒரே நாளில் கை, வயிறு, தொடை என்று சேர்த்துச் செய்யலாம் என்று யாராவது சலுகை காட்டினால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வாயைச் சுற்றி மரத்துப்போவது, காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை ஆகியவை மருந்து மிஞ்சியதன் முதல் அறிகுறிகள்.

ஒரு கையிலிருந்து எடுப்பது பெரும்பாலும் சில நூறு மில்லிலிட்டர்தான். அதிகமாக உறிஞ்சினால் கை மெலிவதற்குப் பதில் மேடுபள்ளமாகி, தோல் இன்னும் தொங்கும். தோல் தளர்ந்தவர்களுக்கு லைப்போசக்‌ஷன் மட்டும் செய்வதுதான் இந்தத் துறையில் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறான தேர்வு. தழும்பு வேண்டாம் என்ற ஆசையில் செய்துகொள்கிறார்கள். பிறகு காற்றுப்போன தோலோடு வெட்டும் ஆபரேஷனுக்கே திரும்பி வருகிறார்கள்.

மேற்கைத் தோலை வெட்டி எடுக்கும் ஆபரேஷனுக்குப் பிராக்கியோபிளாஸ்டி என்று பெயர். அக்குளை ஒட்டி மட்டும் கொஞ்சம் தோல் தொங்குகிறது என்றால் மினி பிராக்கியோபிளாஸ்டி. தழும்பு அக்குள் மடிப்புக்குள்ளேயே மறையும். கேட்க மிக நன்றாக இருக்கும். ஆனால் அது மேலிருந்து மட்டும் இழுக்கிறது, முழங்கைப் பக்கத் தொங்கலை அதனால் தொடவே முடியாது. இதற்குப் பொருந்துகிறவர்கள் குறைவு.

முழங்கை வரை தொங்கும் கைகளுக்கு முழு பிராக்கியோபிளாஸ்டி. அக்குளிலிருந்து முழங்கைக்குச் சற்று மேல் வரை, சில சமயம் முழங்கையையே தொட்டு, நீள்வாக்கில் தோலை எடுப்பார்கள். நிறைய எடை இழந்தவர்களுக்குத் தொங்கல் அக்குளைத் தாண்டி விலாப்பக்கம் இறங்கும். அப்போது கீறலும் மார்பின் பக்கவாட்டுக்கு நீளும். அக்குளைக் கடக்கும் இடத்தில் நேர்கோடாகத் தைத்தால் தழும்பு சுருங்கும்போது கையைத் தூக்க விடாமல் இழுக்கும். அதனால் அங்கே கோட்டை வளைத்தோ இசட் வடிவில் மடக்கியோ தைப்பார்கள். உங்கள் சர்ஜனிடம் அக்குளில் எப்படித் தைப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வருகிறதா என்பதே அவர் எத்தனை கைகளைப் பார்த்தவர் என்று காட்டிவிடும்.

கொழுப்பும் தோலும் இரண்டும் கூடியவர்களுக்கு, எடுக்கப்போகும் தோலுக்கு அடியில் முதலில் லைப்போசக்‌ஷன் செய்து, பிறகு தோலை மட்டும் மேலாக எடுக்கும் வழி இருக்கிறது. அடியிலுள்ள நிணநீர்க் குழாய்களும் நரம்புகளும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும் என்பது இதன் லாபம். கை மிகவும் பருமனாக இருந்தால் முதலில் உறிஞ்சிவிட்டு, சில மாதம் கழித்து வெட்டுவதும் உண்டு.

சரி, அந்தக் கருவிகள்? வேசர் ஒலி அலையால் கொழுப்பைத் தளர்த்துகிறது. ஆர்.எஃப். (ரேடியோ அலை), பிளாஸ்மா வகைகள் தோலுக்கு அடியில் சூடேற்றிக் கொஞ்சம் சுருக்குகின்றன. லேசான தளர்ச்சிக்கு உதவலாம், கூடவே தீக்காய அபாயமும் உண்டு. ஹீலியம் பிளாஸ்மா கருவி ஒன்றைத் தோல் அழகுக்குப் பயன்படுத்துவது பற்றி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 மார்ச்சில் எச்சரிக்கை விட்டது, பிறகு குறிப்பிட்ட சில பயன்பாடுகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. கொழுப்பை உறையவைக்கும் கூல்ஸ்கல்ப்டிங்குக்கு மேற்கையில் செய்ய அங்கே 2016-ல் அனுமதி கிடைத்தது. அது கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும், தோலை எடுக்காது. அரிதாகச் செய்த இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதில் கெட்டியாகப் பெருத்துவிடுவதும் உண்டு. மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா 2021-ல் தனக்கு நேர்ந்ததாக வெளிப்படையாகச் சொன்னது இதைத்தான். கொழுப்பைக் கரைக்கும் ஊசிகளைக் கையில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். அந்த வகையில் எஃப்.டி.ஏ. 2015-ல் அனுமதித்த மருந்துகூட தாடைக்கு அடியில் உள்ள கொழுப்புக்கு மட்டும்தான்.

படி 5: தழும்பை முதலில் பாருங்கள்

ஆலோசனைக்குப் போகும்போது முன்-பின் படங்களைக் காட்டுவார்கள். அதில் பெரும்பாலும் கை கீழே தொங்கியிருக்கும். கையைத் தூக்கி எடுத்த படங்களைக் கேளுங்கள், அதுவும் மூன்றாம் மாதத்திலும் ஒரு வருடம் கழித்தும் எடுத்தவை. மூன்றாம் மாதத்தில் தழும்பு சிவந்தோ கருத்தோ தடித்துத்தான் இருக்கும். அது மங்கி மெலிய ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். மங்கினாலும் முழுதாக மறையாது.

தழும்பை எங்கே வைப்பது என்பதில் இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன. கையின் உள்பக்கப் பள்ளத்தில் வைத்தால், கை இறங்கியிருக்கும்போது யாருக்கும் தெரியாது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தால் தெரியும். பின்பக்கம் வைத்தால் உங்கள் கண்ணில் படாது, பின்னால் நிற்பவருக்குப் படும். முழங்கை வரை கை வைத்த ரவிக்கையோ சுடிதாரோ போடுபவர்களுக்கு எங்கே வைத்தாலும் மறைந்துவிடும். கையில்லாத உடை போட வேண்டும் என்பதற்காகவே செய்துகொள்பவர்கள் இந்த இடத்தில் நின்று நிதானமாக யோசிக்க வேண்டும். சர்ஜன் மார்க்கர் பேனாவால் உங்கள் கையில் கோடு போட்டுக் காட்டட்டும். அந்தக் கோட்டோடு ஒரு நாள் வீட்டில் இருந்து பாருங்கள். தொங்கும் தோலைவிட அந்தக் கோடு பரவாயில்லை என்று தோன்றினால் மட்டும் மேலே போகலாம்.

நம் நிறத்துத் தோலுக்குக் கெலாய்டு எனும் வளரும் தழும்பு அதிகம் வரும். குழந்தையில் இடது கையில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் வடுவைப் பாருங்கள். அது மேடாகப் பரவி வளர்ந்திருந்தால், அல்லது காது குத்திய இடத்தில் உருண்டை வந்திருந்தால் சர்ஜனிடம் கட்டாயம் சொல்லுங்கள். தோள்பக்கம் கெலாய்டு எளிதில் வரும் இடம், உள்கை அவ்வளவு இல்லை. இருந்தாலும் தகவல் அவருக்கு வேண்டும்.

படி 6: ஆளையும் இடத்தையும் சரிபார்த்தல்

இந்தியாவில் பிளாஸ்டிக் சர்ஜரிக்கான படிப்பு எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. (இப்போதைய பெயர் டிஆர்.என்.பி.). “காஸ்மெட்டாலஜிஸ்ட்” என்ற பெயரும் குறுகிய காலச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலோ பெயரைத் தேடிப் பதிவு செய்த பட்டத்தைப் பார்க்கலாம். இந்தியப் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கத்தில் உறுப்பினரா என்றும் கேட்கலாம். கேட்டதற்குக் கோபப்படும் டாக்டர் உங்களுக்கு வேண்டாம்.

இடம் தமிழ்நாட்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவானதாக இருக்க வேண்டும். மயக்க மருத்துவர் முழு நேரமும் உள்ளே இருப்பாரா, இரவில் ஏதாவது ஆனால் ஐ.சி.யூ. எங்கே என்ற இரண்டு கேள்விகளையும் விட்டுவிடாதீர்கள்.

பணம்: இதற்கு மருத்துவக் காப்பீடு கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு போன்றவை தவிர அழகு சிகிச்சையை இந்தியக் காப்பீட்டுத் திட்டங்கள் விலக்கிவைக்கின்றன. ஜி.எஸ்.டி. விலக்கும் கிடையாது. சர்ஜன், மயக்க மருத்துவர், தியேட்டர், அறை, இறுக்கும் உடுப்பு, வரி எல்லாவற்றையும் பிரித்து எழுதி வாங்குங்கள். தையல் பிரிந்தாலோ திருத்தம் வேண்டியிருந்தாலோ யார் செலவு என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். “இன்றே கட்டினால் தள்ளுபடி” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 7: ஆபரேஷனுக்கு முந்தைய மாதம்

சிகரெட், பீடி, புகையிலை எதுவாக இருந்தாலும் முன்னும் பின்னும் நான்கு வாரமாவது நிறுத்த வேண்டும். நிகோடின் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், தையல் ஓரம் கறுத்துச் செத்துப்போகலாம். ஆஸ்பிரின், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை, மூலிகை மருந்து என்று சாப்பிடும் அனைத்தையும் எழுதிக் கொடுங்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். கருத்தடை மாத்திரை ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும், அதையும் சொல்லுங்கள்.

எடை குறைக்கச் செமாகுளூடைட், டிர்செபடைட் ஊசி போடுபவர்கள் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு மிச்சமிருந்தால், மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாதச் சராசரி அளவு கட்டுக்குள் வராமல் தேதி குறிக்கக் கூடாது.

வீட்டையும் தயார் செய்யுங்கள். இரண்டு வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தலை பின்ன, மேலே உள்ள டப்பாவை எடுக்க, குக்கரை இறக்க ஓர் ஆள் வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த உடைகள் நான்கைந்து எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: அன்றைய நாள்

படுத்தால் தோல் இடம் மாறிவிடும் என்பதால், நீங்கள் நின்றோ உட்கார்ந்தோ இருக்கும்போதே கோடுகள் போடுவார்கள். முழு பிராக்கியோபிளாஸ்டி பொது மயக்கத்தில் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். எடுத்துக்கொண்டே போகும்போது கை வீங்கும். மொத்தத் தோலையும் முதலிலேயே வெட்டிவிட்டால் மூட முடியாமல் போகும் அபாயம் உண்டு. அதனால் அனுபவமுள்ளவர்கள் கொஞ்சம் வெட்டி, அந்தப் பகுதியை மூடி, பிறகு அடுத்ததை வெட்டுவார்கள்.

முன்கையின் உள்பக்கத்துக்கு உணர்வு தரும் நரம்பு ஒன்று, மேற்கையின் கீழ்ப்பாதியில் தோலுக்கு அருகே மேலெழுந்து வருகிறது. அதைக் காப்பாற்ற அங்கே ஒரு படலம் கொழுப்பை விட்டுவைப்பார்கள். அது காயப்பட்டால் முன்கை மரத்துப்போகும், சிலருக்கு எரியும் வலி நிற்கும். சில மாதத்தில் சரியாகும் மரப்பு சகஜம். நிரந்தரமாகவும் நிற்கலாம் என்பதைத் தெரிந்தே கையெழுத்துப் போடுங்கள்.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரம் மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் தலையணை மேல் இதய மட்டத்துக்குச் சற்று உயர்த்தி வையுங்கள். விரல்களையும் மணிக்கட்டையும் அசைத்துக்கொண்டே இருங்கள், அன்று மாலையே எழுந்து நடங்கள். உள்ளங்கையும் விரல்களும் வீங்கும், மோதிரம் வளையலை முன்பே கழற்றிவிடுங்கள். டிரெய்ன் குழாய் வைத்திருந்தால், ஒரு நாளில் வடியும் நீர் 30 மி.லி.க்குக் கீழே வந்ததும் பொதுவாக எடுப்பார்கள். இறுக்கும் உடுப்பு நான்கிலிருந்து ஆறு வாரம். சென்னை வெயிலில் அது பெரிய தொந்தரவு, ஆகவே மாற்றிப் போட இரண்டு செட் வாங்குங்கள். முடிந்தால் ஆபரேஷனையே மார்கழி, தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம். லைப்போசக்‌ஷன் மட்டும் என்றால் சில நாளில். ஸ்கூட்டர் ஓட்ட டாக்டர் சொல்லும்வரை பொறுங்கள். தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், குழந்தை எதையும் ஆறு வாரம் வரை தூக்கக் கூடாது. கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கு இது முடியாத காரியம். தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன்.

அக்குள் பக்கம் தையல் கொஞ்சம் பிரிவது அடிக்கடி நடக்கிற ஒன்று. வியர்வையும் அசைவும் அதிகமுள்ள இடம் அது. பெரும்பாலும் கட்டுப் போட்டே ஆறிவிடும். தோலுக்கு அடியில் நீர் கோத்தால் ஊசியால் எடுப்பார்கள். காயம் முழுக்க மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் அல்லது பட்டையைச் சில மாதம் தொடர்ந்து பயன்படுத்துங்கள், வெயில் படாமல் மறையுங்கள். தழும்பு தடிக்க ஆரம்பித்தால் உடனே காட்டுங்கள். ஸ்டீராய்டு ஊசி சீக்கிரம் போட்டால் நன்றாகக் கேட்கும்.

மறுநாள் வரை காத்திருக்கக் கூடாதவை இவை: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கெண்டைக்கால் வலி வீக்கம், ஒரு கை மட்டும் திடீரென்று இறுகி வீங்குவது, விரல்கள் குளிர்ந்து நீலமாவது, காய்ச்சலோடு பரவும் சிவப்பு. நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், போகும் வழியிலேயே சர்ஜனுக்குப் போன் செய்யலாம்.

கடைசி வடிவம் தெரிய லைப்போசக்‌ஷனுக்கு மூன்று முதல் ஆறு மாதம், வெட்டிய கைக்கு ஒரு வருடம் பிடிக்கும். இரண்டு கைகளும் முன்பே ஒரே அளவில் இருந்திருக்காது, பின்பும் இருக்காது. முழங்கைப் பக்கம் தையல் முனையில் சின்னக் கூம்பு போல் தோல் நின்றாலோ, தழும்பு ஓரிடத்தில் மட்டும் விரிந்தாலோ, ஒரு வருடம் கழித்து அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் சரிசெய்யலாம். அதற்கு முன் திருத்தம் கேட்டு அவசரப்படாதீர்கள். அதுவரை தழும்பு தானாகவே மாறிக்கொண்டிருக்கும், அளந்து வெட்ட நிலையான கோடு சர்ஜனுக்குக் கிடைக்காது.